பெத்தேல்விளையில் உலை கொதிக்காத வருஷம்

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்களின் இரண்டாம் வெள்ளிக்கிழமை பெத்தேல்விளையில் எந்த வீட்டு உலையும் கொதிக்கவில்லை. அடுப்பு எரிந்தது, சிலிண்டரில் கேஸ் இருந்தது, தீ பாத்திரத்தின் அடி முழுக்கப் பரவி நின்றது, ஆனால் உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் அப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்தது போலக் குளிர்ந்து கிடந்தது. கேஸில் ஏதோ கலப்படம் என்று கோயில் தெருவில் சொன்னார்கள்; மேலத்தெருவில் விறகு அடுப்பிலும் அதே கதைதான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்; டீக்கடை பாய்லரும் அப்படியே என்று தெரிந்த பிறகு, சரி, என்னமோ நடந்திருக்கிறது என்று எல்லோரும் பழைய சோற்றையும் பன்னையும் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் ஊரில் எதற்கும் அதிகமாக ஆச்சரியப்படுகிற பழக்கம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் மட்டும் உலை கொதித்தது. அங்கே பத்தொன்பது வருஷமாகச் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள் ஏசுவடியாள். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இறந்து வெகுகாலம், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வீங்கி நரம்பு சுருட்டிக் கிடக்கும். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் இறக்கி வைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, சுவருக்கு அப்பால் அடிபம்பில் ஒரு பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் குடித்தாள், வயிற்றைத் தடவிவிட்டு மறுபடியும் குனிந்தாள். தாகத்துக்குக் குடிக்கிறவர்கள் அப்படிக் குடிப்பதில்லை.

"ஏம்மா, சாப்பிட்டியா?" என்று ஏசுவடியாள் கேட்டாள்.

"ஆச்சுக்கா."

"எப்போ?"

அந்தப் பெண் பம்பின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "முந்தாநாள் சாயங்காலம்" என்றாள்.

அவள் பெயர் செண்பகம். சங்கரன்கோவில் பக்கம் ஊர். குளத்துக்குக் கீழே இருக்கிற செங்கல் சூளைக்குப் புருஷனோடு வேலைக்கு வந்தவள். புருஷன் மாடசாமி காய்ச்சலில் பசியும் தெரியாமல் படுத்துவிட்டான், அவனை விட்டுவிட்டு அவளால் மண் குழைக்கப் போக முடியவில்லை. ஏசுவடியாள் ஒரு தட்டில் சோறு போட்டு வேப்ப மரத்தடியில் அவளை உட்கார வைத்தாள், அவனுக்கும் ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள். செண்பகம் மூன்றாவது கவளத்தை விழுங்கிய நேரத்தில் நூற்று நாற்பது வீட்டிலும் ஒரே சமயத்தில் பாத்திர மூடிகள் ஆடின, குக்கர்கள் எல்லாம் சேர்ந்து விசில் அடித்தன, தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து குளத்தைப் பார்த்து ஓடின.

மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும் நடந்தது. எந்த உலை எப்போது கொதித்தது, அந்நேரம் யார் வாயில் சோறு போனது என்று பெண்கள் ஒருவருக்கொருவர் விசாரித்துக் கணக்குப் பார்த்து, புதன்கிழமைக்குள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரெல்லைக்குள் ஒருவர் பசித்திருந்தால் ஒருத்தர் உலையும் கொதிக்காது. பசித்தவருக்கென்று மனதில் நினைத்து வைத்த உலை மட்டும் கொதிக்கும். அவர் சாப்பிட்டால் மற்றவர்கள் சமைக்கலாம். இது ஏன் எங்கள் ஊருக்கு வந்தது, ஏன் அந்த வெள்ளிக்கிழமை வந்தது என்று யாருக்கும் தெரியாது. பசித்தவர்கள் அதற்கு முன்னாலும் எங்கள் ஊரில் இருந்தார்கள்தான்.

சபைக் கமிட்டி கூடியது. கமிட்டிச் செயலாளர் அருமைநாயகம், வாழைத்தோட்டமும் நெல் மில்லும் உள்ளவர், பேசினால் மற்றவர்கள் பேசாதிருக்கிற மனுஷர். இது சாத்தானின் வேலையா என்று குருவானவரைப் பார்த்துக் கேட்டார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஜெயசிங் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழைய மறக்காதீங்க, ஏழைய மறக்காதீங்கன்னு பதினோரு வருஷமா பீடத்துல நின்னு சொல்லுதேன். உங்க காதுல ஏறல. அடுப்புல ஏறிட்டு. நான் என்ன செய்ய?" என்றார்.

"உலகத்துல எவன் பசிச்சாலும் நம்ம அடுப்பு நின்னுருமா ஐயரே?"

"இப்போதைக்கு ஊரெல்லையோட நிக்கு அண்ணாச்சி. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க."

அதற்குமேல் யாரும் காரணம் பேசவில்லை. எந்த வீடு எந்த நாள் முதல் உலை வைப்பது என்று முறை எழுதி ஆலயக் கதவில் ஒட்டினார்கள். யார் பசித்திருக்கிறார்கள் என்று தினம் காலையில் சுற்றிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் ஏசுவடியாளைப் பார்த்தார்கள். எனக்குக் கால் வீங்கிக் கிடக்கு என்று அவள் சொன்னது கூட்டம் கலைகிற சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து அவள் விடிந்ததும் நடந்தாள். சூளைக் குடிசைகளுக்கு நடந்தாள், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள், மதகுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டியிருப்பவர்களிடம் நடந்தாள், சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். கேட்டுக் கேட்டு, பசித்தவர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டாள், சிலர் பல் குத்திக் காட்டுவார்கள், சிலர் அடுப்பில் சும்மா புகை போட்டு வைப்பார்கள், சிலர் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு உதட்டில் இரண்டு பருக்கையை ஒட்டி வைத்துக்கொள்வார்கள், பெண்கள் பெரும்பாலும் வயிறு சரியில்லை என்பார்கள். அவள் திரும்பி வந்து எண்ணிக்கையைச் சொன்னால் அந்த நாளுக்குரிய வீட்டில் உலை வைப்பார்கள். ஒன்பது மணிக்குள் ஊர் கொதித்துவிடும். ஈஸ்டருக்குள் அது எங்களுக்குப் பால் வாங்குவது போல, குப்பை கொட்டுவது போல ஆகிவிட்டது.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் ஒரு நாள், சுற்றியிருந்த எல்லோரும் சாப்பிட்ட பிறகும் உலை கொதிக்கவில்லை. பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஏசுவடியாள் சூளைக்கு இரண்டாம் தடவை போனாள், மதகுக்கு மூன்றாம் தடவை போனாள். சோர்ந்துபோய் அருமைநாயகத்தின் வீட்டுக் காம்பவுண்டு நிழலில் நின்றபோது, பின்பக்கம் உரமூட்டை போட்டு வைக்கிற அறையின் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்த்தாள். அங்கே இருந்தவர் தங்கையா, அருமைநாயகத்தின் கூடப்பிறந்த அண்ணன். தோட்டம் பிரித்ததில் சண்டையாகி, பங்கையெல்லாம் வைத்தியத்துக்கு விற்றுத் தின்று, ஒன்பது வருஷமாக அதே காம்பவுண்டுக்குள் தம்பியோடு பேசாமல் இருந்தவர். ஒரு டியூஷன் சென்டரில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அந்த சென்டரை மூடி ஐந்து நாள் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, கதவைத் திறங்க. சாப்பிட்டீங்களா?"

"என்னையும் அந்தக் கணக்குல சேத்துட்டியா ஏசுவடியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நான் இந்த ஊர்க்காரன்."

அவள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அருமைநாயகம் வெறும் வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் கிடைத்தாயிற்றா என்று கேட்டார்.

"கிடைச்சிட்டு அண்ணாச்சி. உங்க வீட்டுலதான்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு மனைவியிடம் உலை வைக்கச் சொன்னார். உன் பெயரைச் சொல்லித்தான் வைத்தார்கள் என்று பிற்பாடு தங்கையாவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் உடனே கொதித்தது. முன்வாசலிலிருந்து அந்த அறைக்கு இருபது அடி இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அருமைநாயகம் அந்த இருபது அடியைக் கடக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கதவு திறந்தது, மூடியது. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஊர் முழுக்க விசில் அடித்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரே நல்ல காரியத்தைத் தினமும் செய்கிறவர்களுக்கு ஒரு அலுப்பு வருகிறது, அது எங்களுக்கும் வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சூளைக்காரர்களைத் திட்டினார்கள். பிள்ளைகளைப் பசியோடு பரீட்சைக்கு அனுப்பியவர்கள் மதகுக்காரர்களைத் திட்டினார்கள். மே மாதம் ஒரு கல்யாணத்தில், பஸ் நிறுத்தத்தில் கிடக்கிற கோபால் என்பவர், எல்லோரும் வந்து சாப்பிடச் சொல்லியும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரியாணி அண்டாக்கள் ஆறும் குளிர்ந்து நிற்க, மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு போய் அவர் முன்னால் குத்துக்காலிட்டுக் கெஞ்சினான்.

"உனக்காகத்தான சாப்பிடச் சொல்லுத? எனக்காகவா?" என்று கோபால் கேட்டார். மூன்று மணிக்கு அவராகவே இரங்கி ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

அந்த வாரமே நாங்கள் அதைச் செய்தோம். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சூளை முதலாளியிடம் பேசி, காய்ச்சல்காரன் உள்ள குடும்பம் வேண்டாம் என்று சொல்லவைத்தோம். செண்பகம், மாடசாமி, கோபால், மதகுப் பக்கம் இருந்த நான்கு பேர், ஆக ஏழு பேரை அருமைநாயகத்தின் மில் லாரியில் ஏற்றினோம். ஆளுக்கு ஒரு புதுப் போர்வையும் ஐந்து கிலோ அரிசியும் கொடுத்தோம். ஐயர் ஆலயத்துக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நாற்கரச் சாலை பிரிகிற விலக்கில் அவர்களை இறக்கிவிட்டு லாரி திரும்பியது. ஏசுவடியாள் தன் வீட்டு வாசலில் நின்று லாரி போவதைப் பார்த்தாள். செண்பகமும் அவளைப் பார்த்தாள். ஏசுவடியாள் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். அன்று பகல் முழுக்கத் தூங்கினாள், கால் வலிக்காமல் தூங்கினாள், அதை நினைத்துத்தான் பின்னால் ரொம்ப நாள் அழுதாள்.

மூன்று நாள் உலை ஆறு மணிக்கே கொதித்தது. நாலாம் நாள் கொதிக்கவில்லை.

ஊரெல்லாம் தேடினோம். சூளையில் இருந்த எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள், தங்கையா தம்பி வீட்டில் பழைய சோறு சாப்பிட்டிருந்தார், பஸ் நிறுத்தம் காலியாக இருந்தது. மத்தியானம் ஏசுவடியாள் தன் அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்தாள். கோபால் என்று சொன்னாள். தண்ணீர் லேசாக அசைந்தது, கொதிக்கவில்லை. மதகுக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அசைந்து அசைந்து அடங்கியது. செண்பகம் என்றாள். தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அவள் நேராக அருமைநாயகத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

"நாம பாத்த மொகம் அண்ணாச்சி. எல்லைக்கு வெளிய கொண்டு விட்டாலும் நம்ம கணக்குலதான் இருக்கு. வாங்க, போவோம்."

"நான் எதுக்கு? நீ போயேன்."

"கொண்டு விட்ட லாரி உங்களுது."

செண்பகத்தின் பெயரைச் சொல்லி வடித்த சோற்றுத் தூக்கோடு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். விலக்கில் விசாரித்து, டவுனில் விசாரித்து, கடைசியில் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் செண்பகத்தைக் கண்டார்கள். மாடசாமிக்கு மஞ்சள் காமாலை. அவன் உள்ளே கிடந்தான்; ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத்தான் சோறு, கூட இருப்பவர்களுக்குக் கிடையாது. கொடுத்த அரிசியைச் சமைக்க இடமில்லாமல் பையோடு தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். ஏசுவடியாள் தூக்கைத் திறந்தாள். செண்பகம் வாங்கிச் சாப்பிட்டாள். ஊரில் இந்நேரம் விசில் அடித்திருக்கும் என்று அருமைநாயகம் மெதுவாகச் சொன்னார். அது செண்பகத்தின் காதிலும் விழுந்தது.

"ஊருக்கு வந்திரு செண்பகம்" என்றாள் ஏசுவடியாள்.

"எதுக்குக்கா? உங்க அடுப்பு எரியணும்னு எனக்குச் சோறு போடுவீங்க. தினமும் காலைல வந்து சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேப்பீங்க. நீங்க நல்லவங்கதான், நான் இல்லங்கல. ஆனா நீங்க கேக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு செத்துரலாம்போல இருக்கும்."

ஏசுவடியாள் வீங்கிய காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாகத் தான் நடந்த நடையெல்லாம் அவள் கண்முன்னால் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவளின் கால் வலி அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்கப்படுகிறவளுக்கு வலிக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அப்போ என்ன செய்யணும்? நீ சொல்லு" என்று அருமைநாயகம் கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு ஏசுவடியாள் பார்த்ததில்லை.

செண்பகம் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள். "கதவு உள்ள ஒரு வீடு வேணும். எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். உங்க மில்லுல எனக்கு வேலை வேணும், மத்த பொம்பளைங்களுக்கு என்ன கூலியோ அதேதான். இவரு தேறினதும் இவருக்கும் வேலை வேணும். இவ்வளவும் இருந்தா என்கிட்ட யாரும் எதுவும் கேக்க வேண்டாம்ல?"

"இது என்ன, பெரிய காரியமா" என்று அருமைநாயகம் சொன்னார். ஆனால் அது பெரிய காரியமாகத்தான் இருந்தது. சோறு போடச் சம்மதித்த கமிட்டி வீடு கொடுக்கச் சம்மதிக்க ஏழு கூட்டம் ஆயிற்று. மிஷன் காலத்துப் பழைய பள்ளிக்கூடம் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, அதில் நான்கு அறை சும்மாதான் இருந்தது, ஆனாலும் அவர்களை அங்கே வைத்தால் நாளைக்குச் சொந்தம் கொண்டாடுவார்கள் என்றார்கள், நம் பிள்ளைகள் நடமாடுகிற இடம் என்றார்கள், வெளியில் சொல்லக்கூடாத வேறு காரணங்களையும் காதோடு காதாகச் சொன்னார்கள். ஏழாவது கூட்டத்தில் தங்கையா எழுந்து, உரமூட்டை அறையில் ஒன்பது வருஷம் இருந்தது எப்படி இருக்கும் என்று மட்டும் பத்து நிமிஷம் பேசினார். அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டு பழைய பள்ளிக்கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

செண்பகமும் மாடசாமியும் வந்தார்கள். மதகுக்காரர்களில் இரண்டு பேரையும் கோபாலையும் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். மீதி இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. அதனால் சில நாள் எங்கள் உலை சாயங்காலம் மூன்று மணிக்குத்தான் கொதிக்கும். எங்கேயோ யாரோ அவர்களுக்குச் சோறு போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட உட்காருவோம். முகம் தெரியாத அந்த மனுஷருக்காக ஐயர் ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. சூளை நனைந்து வேலை நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்லா வீட்டிலும் உலை சாதாரணமாகக் கொதித்தது. காபி போட்டோம், தோசை சுட்டோம். ஏசுவடியாள் குடையைப் பிடித்துக்கொண்டு சூளைக்குப் போய்ப் பார்த்தபோது, அங்கே பதினோரு பேர் நேற்றிலிருந்து சாப்பிடாமல் இருந்தார்கள். அவர்கள் பசித்திருக்க, ஊர் கொதித்திருந்தது. அது முடிந்துபோயிற்று என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் பழைய பள்ளிக்கூடத்து வாசலில் ஒதுங்கி வெகுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. படுக்க வேண்டும் என்றுதான் அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. பிறகு கோயில் தெருவில் திரும்பி முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உலை கொதிச்சிட்டே அக்கா, பிறகு என்ன என்று சிலர் கேட்டார்கள். இன்றைக்கு எங்கள் முறை இல்லை என்றார்கள் சிலர். சிலர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. நூற்று நாற்பது வீட்டில் ஆறு வீடு பாத்திரத்தை எடுத்தது. நானும் அன்று கதவைத் திறக்காதவர்களில் ஒருத்தி; அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன். செண்பகம் தன் அடுப்பில் வடித்த சோற்றைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள், ஐயரின் மனைவி போனாள், தங்கையா ஒரு வாளியில் குழம்பு கொண்டுபோனார், அருமைநாயகம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வழுக்க வழுக்கப் பின்னால் போனார்.

"இன்னைக்கு ஒரு கட்டாயமும் இல்லையே ஏசுவடியா. பிறகு எதுக்கு இந்த மழைல நடக்கோம்?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"தெரியல அண்ணாச்சி. கால் வலிக்கு. பேசாம வாங்க."

மறுநாள் குற்ற உணர்வு தாங்காமல் நான் போய்க் கேட்டபோது செண்பகம்தான் மீதியைச் சொன்னாள். பதினோரு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறி முடித்த பிறகு, அதற்குமேல் நிற்க முடியாமல் ஏசுவடியாள் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். ஒரு சூளைக்காரப் பெண் நகர்ந்து, தான் விரித்து உட்கார்ந்திருந்த சாக்கில் இடம்விட்டாளாம். அத்தனை மாதத்தில் ஒரு நாளும் அவர்களோடு உட்காராதவள் அன்றைக்கு உட்கார்ந்தாளாம், யாரோ அவள் முன்னால் ஓர் இலையைப் போட, கூரை ஒழுகி இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாளாம்.